தொடக் கூடாத டின்மீன்

அன்றைக்குக் காலை பத்தே காலுக்கு, கட்டபெட்டில் தேயிலை பாக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையரில் வேலை பார்க்கும் சுடலைமணி ஒரு வீர முடிவு எடுத்தார். இன்றைக்குத் தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கையால் மீன் சமைத்துத் தின்றே தீருவது. யார் தடுத்தாலும் சரி. தடுக்கக்கூடிய ஒரே ஆள் பத்து மணி பஸ்ஸில் கோத்தகிரிக்குப் போய்விட்டதால் வீரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

மீனைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. காரமடை ரங்கநாதர் கோயிலில் அவர் மனைவி ராஜகுமாரி கண்ணை மூடி நின்று, “எம்புள்ள ரஞ்சனிக்கு நல்ல வரன் தகையற வரைக்கும் மீனைக் கையால தொடமாட்டேன் சாமி” என்று வேண்டிக்கொண்ட நாளிலிருந்து வந்த வினை. பக்கத்தில் நின்ற சுடலைமணிக்கு அப்போது மனசு உருகிப்போனது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் விஷயம் உறைத்தது.

“ஏம்புள்ள, நீ தொடாட்டி மீன் கொழம்பு யாரு வெக்கறது?”

“நீங்க வெய்யுங்க. உங்களை ஆரு வேண்டாம்ன்னா?”

“எனக்குச் சுடுதண்ணி வெக்கவே தெரியாதே.”

“அது என்ற வேண்டுதல்ல சேராதுங்க.”

வேண்டுதல் அவளுக்கு, பத்தியம் இவருக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மீன் வண்டி ஹார்ன் அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். பார்த்தால் தாங்காது. வரன் தகைந்தால்தான் மீன். ஆனால் வரன் எங்கே தகைந்தது? மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மூன்று வீட்டுக்காரர்களும் டீயை மட்டும் குடித்துவிட்டு, “ஊருக்குப் போயித் தகவல் சொல்றோமுங்க” என்று எழுந்து போனார்கள். தகவல் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். ஒரு வாய் பண்டம் தின்று கை கழுவிவிட்டால் போதும், பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. டீ இதில் சேராது. இந்த மலையில் ஜென்மப் பகையாளி வீட்டுக்குச் சண்டைக்குப் போனாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள்.

நான்காவது வரன் இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறது. நெல்லியாளத்துப் பையன் சுரேஷ், பள்ளிக்கூட வாத்தியார். ரஞ்சனி குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஏதோ ரத்ததான முகாமில் இவள் ஊசி குத்தியிருக்கிறாள், அவனுக்கு வலிக்கவே இல்லையாம். அதிலிருந்து பேச்சு. “அப்பா, கட்டிக்கிட்டா அவரைத்தான் கட்டிக்குவேன்” என்று ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டாள். ஒரே பெண். மூன்று வீட்டுக்காரர்கள் எழுந்து போனபோதும் ஒரு வார்த்தை பேசாமல் மறுநாள் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிய பெண். இந்தத் தடவையும் அப்படி அவள் பஸ் ஏறுவதைப் பார்க்க அவரால் முடியாது.

சிக்கல் சுரேஷின் அம்மா ஞானசுந்தரி. மகனுக்காக நாலு வீடு பார்த்து, நாலு வீட்டிலும் டீயோடு எழுந்து வந்த அம்மா.

காலையில் ராஜகுமாரி ரஞ்சனியைக் கூட்டிக்கொண்டு பூவும் பலகாரமும் வாங்கக் கிளம்பும்போது, வாசலில் நின்று சட்டம் வாசித்தாள்.

“ஏனுங்க, உருளைக்கெழங்கு வேக வெச்சுருக்கேன். தொட்டுறாதீங்க.”

“சரி.”

“வெங்காயம், இஞ்சி, பச்ச மொளகா எல்லாம் பொடியா அரிஞ்சு மூடி வெச்சுருக்கேன்.”

“சரி.”

“மேல் அலமாரியில டின்மீன் ரெண்டு இருக்குது. மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சா உதவும்னு ரஞ்சனி வாங்கி வெச்சது. எதைத் தொட்டாலும் அதை மட்டும் தொட்டுறாதீங்க.”

அதுவரைக்கும் வீட்டில் டின்மீன் என்று ஒன்று இருப்பதே சுடலைமணிக்குத் தெரியாது.

“நான் எதுக்குத் தொடறேன்?” என்றார். குரல் கொஞ்சம் குழைந்தது.

“வர்ற அம்மாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மையாமா. வாசல்ல நின்னே உள்ள என்ன சமையல்னு சொல்லிருவாங்களாமா. பாத்துக்கங்க.”

மூக்கு கூர்மை என்றால் சுத்த சைவம்தான் என்று சுடலைமணி தீர்மானித்துக்கொண்டார். ஆபத்துதான். ஆனால் நாலு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் புயலே கரையைக் கடந்துவிடும், மீன் வாசம் கடக்காதா?

பஸ் வளைவில் மறைந்தது. அப்பாடா என்று அவர் சமையலறைக்குள் நுழைந்தார்.

தெய்வம் அவர் பக்கம் இருந்தது. முந்தின நாள் ராத்திரிதான் ரஞ்சனி போனிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ‘டின்மீன் கட்லெட் செய்முறை’ என்று தலைப்பு. அடுத்த நிமிஷமே, “சாரிப்பா, தப்பா உங்களுக்கு வந்துருச்சு, அழிச்சுருங்க” என்று இன்னொரு செய்தி. சுடலைமணி அழிக்கவில்லை. எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். உருளைக்கிழங்கு, வெந்திருக்கிறது. வெங்காயம், அரிந்திருக்கிறது. ரஸ்க் பாக்கெட், அலமாரியில் கண்ணுக்கு நேரே. முட்டை இரண்டு. எலுமிச்சை ஒன்று. ஒரு மனுஷன் திருட்டுத்தனம் செய்ய இவ்வளவு வசதியாக ஒரு வீடு அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முதல் டின்னைத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் ஒத்துழைத்தன. ‘தண்ணியை வடிக்கவும்’ என்று போட்டிருந்தது. விலை கொடுத்து வாங்கின தண்ணியை எவனாவது வடிப்பானா என்று அப்படியே பாதிக் கிழங்கில் கொட்டிப் பிசைந்தார். உருண்டை உருளவில்லை. தோசைக்கல்லில் போட்டதும் அது கட்லெட்டாகாமல் உப்புமா ஆனது. தடயத்தை அழிக்க வேண்டுமே, கரண்டியால் சுரண்டி நின்றபடியே தின்று தீர்த்தார். ருசி என்னவோ உச்சந்தலைக்கு ஏறியது.

இரண்டாவது டின்னில் புத்தி வந்தது. தண்ணியை ஒட்ட வடித்தார். நடு முள்ளை எடுத்தார். மீதிக் கிழங்கையும் முதல் மாவில் மிச்சமிருந்ததையும் சேர்த்து, வெங்காயம், இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலை, இடித்த மிளகு, உப்பு, அரை மூடி எலுமிச்சை என்று எழுதியிருந்தபடியே போட்டுப் பிசைந்தார். ரஸ்க்கைப் பூரிக்கட்டையால் பொடித்தார். தட்டையாகத் தட்டி, முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டி, கல்லில் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக அடுக்கினார். இந்தத் தடவை உடையவில்லை. திருப்பிப் போட்டதும் செக்கச்செவேல் என்று பொரிந்து நின்றது. ஐம்பத்தைந்து வயதில் தன் கையால் ஒரு பண்டம் உருவாகியிருப்பதைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. வெங்காயம்கூடக் காரணமாக இருக்கலாம்.

பதினான்கு வந்தது. ஐந்தாவதைத் தின்றுகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அடுத்த குவார்ட்டர்ஸ் ஆயம்மாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறு வயசு’ என்பார்கள்.

“ஏனுங்கண்ணா, என்னமோ கமகமங்குது?”

“எனக்கு ஒண்ணும் வரலியேம்மா.”

“மீன் வாசமாட்ட இருக்குதுங்க.”

“பாக்டரிப் பக்கமிருந்து காத்து அடிக்குது.”

“பாக்டரியில எப்ப இருந்துங்க மீன் பொரிக்கறாங்க?”

சுடலைமணி யோசித்தார். பிறகு ஒரு கட்லெட்டைத் தட்டில் வைத்து நீட்டினார். ஆயம்மாள் கடித்தாள். கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“நல்லாத்தானுங்க வந்திருக்குது. மொத்தம் எத்தனைங்க சுட்டீங்க?”

“எதுக்கு?”

“சும்மா கேட்டேனுங்க.”

அவள் போனதும் மறுபடி அப்பாடா. மிச்சம் எட்டு. அதைத் தட்டோடு குக்கருக்குள் வைத்து மூடி, குக்கரைப் பரண்மேல் ஏற்றினார். பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுக் கழுவாமல் விட்டார். அதுதான் அவர் வழக்கம். வழக்கத்தை மாற்றினால் சந்தேகம் வரும்.

அப்புறம்தான் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

ஐப்பசி மழை. வெளியே மூட்டம். குளிருக்காக எல்லா ஜன்னலும் சாத்திக் கிடந்தது. வீடு முழுக்க மீன். சோபாவில் மீன், திரைச்சீலையில் மீன், மாப்பிள்ளை உட்காரப் போகிற நாற்காலியில் மீன். ஜன்னலைத் திறந்தால் வாசம் வெளியே போகவில்லை, மூட்டம் உள்ளே வந்து வாசத்தோடு உட்கார்ந்துகொண்டது. ஊதுபத்தி பன்னிரண்டு கொளுத்தினார். இப்போது மீனுக்குத் திவசம் கொடுத்த மாதிரி இருந்தது. மணி பன்னிரண்டரை. ரஞ்சனியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அடப்பாவி, நாக்குக்காகப் பெத்த பொண்ணு வாழ்க்கையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

அப்போதுதான் இருபத்தெட்டு வருஷ பாக்டரி அனுபவம் கை கொடுத்தது. பாக்டரிக்குள் மீன், கருவாடு எதுவும் கொண்டுவரக் கூடாது. வாசனைத் தைலம் தடவிக்கொண்டு வந்தால்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம், தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிவிடும். பஞ்சு தண்ணி குடிப்பதைப் போலக் குடித்துவிடும். எத்தனை புதுப் பையன்களுக்கு இதை அவரே பாடம் எடுத்திருக்கிறார்.

விருந்தாளிகளுக்காக வாங்கி வைத்திருந்த உசத்தித் தேயிலை அரைக் கிலோ இருந்தது. அதை நாலு தாம்பாளத்தில் பரப்பி நாலு மூலையில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தார். வாசம் இல்லை. வாசம் போய்விட்டதா, இல்லை மூக்கு மரத்துவிட்டதா என்று ஆராய நேரமில்லை. தேயிலையை அள்ளிப் பழையபடி டப்பாவில் கொட்டி மூடினார். அப்பாடா.

இரண்டு மணிக்கு ராஜகுமாரி வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். மூக்கு லேசாக அசைந்தது.

“ஊதுபத்தி வெச்சீங்களா?”

“நல்ல நாளாச்சே.”

“நல்லதுங்க” என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். சுடலைமணிக்குத் தன் திறமையை நினைத்துப் பெருமையாக இருந்தது. சாகிற வரைக்கும் இந்த ரகசியத்தைக் காப்பாற்றி விடலாம் என்று தோன்றியது.

நாலு மணிக்கு வந்தார்கள். சுரேஷ், அவன் அப்பா காத்தமுத்து, அம்மா ஞானசுந்தரி. ஞானசுந்தரி நுழையும்போதே சொல்லிவிட்டார். “ஒண்ணும் செய்ய வேணாங்க. டீ மட்டும் போதும்.”

கூடத்தில் இருந்தவர்களின் முகம் வாடியது. ரஞ்சனி வந்து கும்பிட்டாள். ஞானசுந்தரி அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜிலேபித் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தார். மிக்சர் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி நகர்த்தினார்.

“ரஞ்சனி, டீ கொண்டா கண்ணு” என்றாள் ராஜகுமாரி.

சுடலைமணி நாற்காலி நுனிக்கு வந்தார். தேயிலை எல்லா வாசத்தையும் உறிஞ்சும். சரி. உறிஞ்சியதை என்ன செய்யும்? அதை அவர் யோசிக்கவே இல்லை.

“டீ எதுக்கு? காபி போடு” என்றார் பதறி.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தேயிலைக்காரர் ஊட்டுல காபியாங்க?” என்றாள் ராஜகுமாரி. “அவரு வெளையாட்டுக்குச் சொல்றாருங்க.”

டீ வந்தது. ஞானசுந்தரி டம்ளரை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

“இந்த டீயில என்னமோ வாசம் வருதே.”

சுரேஷ் ரஞ்சனியைப் பார்த்தான். ரஞ்சனி தரையைப் பார்த்தாள். சுடலைமணி எழுந்து நின்றார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அம்மா, தப்பு என்னுதுங்க. என்ற புள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. நான்தான் நாக்கை அடக்க முடியாம டின்மீனைப் பொரிச்சுத் தின்னுபோட்டேன். வாசம் போவட்டும்னு தேயிலையை ஊடு பூராப் பரப்பி வெச்சேன். நீங்க சைவம்னு தெரிஞ்சும் செஞ்சது பெரிய தப்புங்க. எனக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. புள்ளையை மட்டும் வேண்டாம்னு சொல்லிறாதீங்க.”

குரல் உடைந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற ரஞ்சனிக்கும் கண் நிறைந்தது.

“யாரு சைவம்?” என்றார் ஞானசுந்தரி.

“நீங்கதானுங்களே.”

“இவளா?” என்று காத்தமுத்து அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

ஞானசுந்தரி டம்ளரைக் கீழே வைத்தார். “டின்மீனை என்ன செஞ்சீங்க?”

“கட்லெட்டுங்க.”

“மேல பாண் தூளா? அதான், ரொட்டித் தூளு.”

“ரஸ்க் தூளுங்க.”

“எலுமிச்சை?”

“அரை மூடி.”

“மொளகு இடிச்சா, பொடியா?”

“இடிச்சுங்க.”

ஞானசுந்தரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “மிச்சம் இருக்கா?”

சுடலைமணி மனைவியைப் பார்த்தார். ராஜகுமாரி அசையவே இல்லை. “ரஞ்சனி, பரண்மேல குக்கர் இருக்குது பாரு. எட்டு இருக்கும், சுட வெச்சுக் கொண்டா” என்று தாடையால் பரணைக் காட்டினாள்.

குக்கர் இவளுக்கு எப்படித் தெரியும், எட்டு எப்படித் தெரியும் என்று அவர் மூளை கேட்டது. அதற்குப் பதில் தேட அப்போது நேரமில்லை.

கட்லெட் வந்தது. ஞானசுந்தரி ஒன்றை விண்டு வாயில் போட்டார். கண் மூடியது.

“நாங்க சிலோன்ல இருந்தப்போ எங்கம்மா தீவாளிக்கு மட்டும் இதைச் சுடுவாங்க. கப்பல் ஏறி வந்த பொறகும் டின் கெடைச்சாச் சுட்டுக் குடுத்தாங்க. அவங்க போயி பதினோரு வருசம் ஆச்சு. இந்தப் பக்குவத்துல ஒருத்தரும் எனக்குக் குடுத்ததில்ல.” இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார்.

காத்தமுத்து மெதுவாகக் குனிந்தார். “ஏம்மா, டீ மட்டும்தான்னு சொல்லிட்டு வந்தியே.”

“அதுக்கென்ன இப்ப?”

“கை நனைச்சாச் சம்மதம்னு ஆயிடுமே.”

ஞானசுந்தரி தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலிலும் எண்ணெய், ரஸ்க் தூள். பிறகு ரஞ்சனியைப் பார்த்தார். அப்போதுதான் சிரித்தார்.

“பொண்ணைப் பாத்த ஒடனேயே எனக்குப் புடிச்சுப் போச்சு. நாலு நாள் பிகு பண்ணிச் சொல்லலாம்னு இருந்தேன். இந்த மனுசன் கெடுத்துட்டாரு. ரஞ்சனி, மாமிக்குக் கை கழுவத் தண்ணி கொண்டாம்மா.”

ரஞ்சனி சொம்போடு ஓடி வந்தாள். தண்ணீரைப் பாதி அவர் கையிலும் பாதி சுரேஷின் காலிலும் ஊற்றினாள். சுடலைமணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அன்றைக்கு விட்ட அப்பாடா எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த அப்பாடாவுக்கு ஈடாகாது. காரமடை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அவர்கள் வண்டி ஏறிப் போன பிறகு, மாமனார் தோரணை அவருக்கு வந்துவிட்டது. காலை நீட்டிக்கொண்டார்.

“பாத்தியா புள்ள, என்ற கட்லெட்டுத்தான் கல்யாணத்தையே முடிச்சிருக்குது.”

“ஆமாங்க” என்றாள் ராஜகுமாரி.

மறுக்காமல் ஒத்துக்கொண்டது அவருக்கு உறுத்தியது. “ஆமா, குக்கர்ல இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“போன வருசம் நீங்க முறுக்கை எங்க ஒளிச்சு வெச்சீங்க?”

“சரி, எட்டுன்னு?”

“ஆயம்மாக்கா போன் பண்ணுச்சுங்க. எத்தனை சுட்டீங்கன்னு உங்ககிட்ட கேட்டா நீங்க சொல்லலையாமா. தட்டுல இருந்ததை எண்ணிக்கிட்டு வந்துருச்சு.”

சுடலைமணி காலை மடக்கி உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது. கண்ணுக்கு நேரே இருந்த ரஸ்க் ஞாபகம் வந்தது. “அப்ப ரஞ்சனி தப்பா அனுப்புச்சே, அந்தச் செய்முறை?”

“மாப்பிள்ளை அனுப்புனதுங்க. அவங்க அம்மாவைப் பெத்த அம்மிச்சி பக்குவம். மாப்பிள்ளையோட அம்மா போன்ல எங்கிட்ட இந்தக் கட்லெட்டைப் பத்தி அரை மணி நேரம் பேசுனாங்க. நான் வேண்டுதல்ல இருக்கேன், மீனைத் தொட முடியாது. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்குப் பொண்ணையும் அடுப்புல நிறுத்த முடியாது. வேற ஆருங்க இருக்காங்க?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, செய்யுங்கன்னு?”

“கல்யாணமாயி இருபத்தாறு வருசத்துல செய்யுங்கன்னு நான் சொன்னதுல நீங்க ஒண்ணைச் செஞ்சதில்லைங்க. செய்யாதீங்கன்னு சொன்னதுல ஒண்ணை விட்டதில்லைங்க.”

சுடலைமணி மனசுக்குள் இருபத்தாறு வருஷத்தையும் ஒருமுறை புரட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“எதுக்கு ரெண்டு டின்னு?” என்றார் பலவீனமாக.

“ஒண்ணு வெச்சா நீங்களே முடிச்சுருவீங்களே.”

“டீ?”

“அது மட்டும் நான் நெனைக்கவே இல்லைங்க. அவங்க வந்த பின்னாடி சுட வெச்சு வாசம் காட்டலாம்னு இருந்தேன். நீங்க டீயிலயே கலந்து குடுத்துட்டீங்க. கெட்டிக்காரர்தானுங்க.”

அந்த ஒரு பாராட்டைப் பிடித்துக்கொண்டு சுடலைமணி எழுந்தார். அன்றைக்கு இரண்டாவது வீர முடிவை எடுத்தார்.

“இத பாரு புள்ள. இனிமே நீ என்ன சொன்னாலும் சொன்னபடியே கேக்கப் போறேன். செய்யாதீங்கன்னா செய்யமாட்டேன், செய்யுங்கன்னா செய்வேன். அப்பப் பாக்கலாம், உன்ற தந்திரமெல்லாம் எப்படிப் பலிக்குதுன்னு.”

“நெசமாத்தானுங்களா?”

“காரமடைச் சாமி சத்தியமா.”

ராஜகுமாரி பூவைத் தலையில் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“அப்ப தொட்டியில கெடக்கற பாத்திரத்தையெல்லாம் கழுவி வெச்சுருங்க.”